வட்டம் போடாதீங்க, ஆறு வரைங்க: சால்மன் கதையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது எப்படி

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். தமிழ் மீடியம், மலையாள மீடியம், இங்கிலீஷ் மீடியம் எல்லாம் கலந்து பன்னிரண்டு பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு பிள்ளை சுருட்டிய சார்ட் பேப்பரோடு வந்து நிற்கும், "டீச்சரே, சால்மன் மீனோட வாழ்க்கைச் சுழற்சி வரைஞ்சு தாங்க" என்று. முதல் தடவை நானும் ஒழுங்காக ஒரு வட்டம் போட்டு, முட்டை, குஞ்சு, சின்ன மீன், பெரிய மீன், திரும்ப முட்டை என்று அம்புக்குறி வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "முட்டை போட்டதும் செத்துப்போயிரும்னு சொன்னீங்க, அப்புறம் எப்படி டீச்சரே அது சுத்தி வரும்?"

நியாயமான கேள்வி. வட்டத்தில் சாவு தெரியாது. தூரம் தெரியாது. மூவாயிரம் முட்டையில் ஒன்றிரண்டுதான் வீடு திரும்பும் என்பதும் தெரியாது. அன்றைக்கு விட்டேன் வட்டத்தை. இப்போது வாசலில் கோலப்பொடியால் ஓர் ஆறு வரைந்து, பிள்ளைகளையே மீனாக்கி நடக்க விடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை போதும், செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன், உங்கள் வாசலுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அலாஸ்காவில் ஆரம்பிக்காதீங்க

சால்மன் குளிர்நாட்டு மீன். பசிபிக் கடலின் வடபகுதியிலும் அட்லாண்டிக்கின் வடபகுதியிலும்தான் இயற்கையாக வாழ்கிறது, நம் ஆறுகளில் கிடையாது. பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் அலாஸ்கா என்று சொன்னால் முகம் சுவர் மாதிரி ஆகிவிடும். ஏத்துமீனில் தொடங்குங்கள், எல்லாக் கண்ணும் திரும்பும்.

எங்கள் பக்கம் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், மழை கம்மி, ஆனாலும் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து முதல் பெருமழை கொட்டினால் ஆற்றிலும் குளத்திலும் கிடந்த மீன்கள் புதுத்தண்ணீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறி, மடை வழியாக வயலுக்குள் புகுந்துவிடும். விரால், கெளுத்தி, கெண்டை, பரல் எல்லாம் வரும். பனையேறி கெண்டை ஈரத்தரையிலேயே செவுளை ஊன்றித் தத்தித் தத்தி வரப்பைத் தாண்டும். எல்லாம் முட்டையிடத்தான். மலையாளத்தில் இதற்கு ஊத்த என்று பெயர். தமிழ்நாட்டில் ஊத்தா என்றால் கண்மாயில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை. இந்த இரண்டு சொல்லையும் வைத்து இங்கே மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிக்கொள்வார்கள், அது தனிக்கதை.

பிள்ளைகளிடம், "ஏத்துமீன் ஏன் மேல ஏறுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர்களே சொல்வார்கள். வயல் தண்ணீர் ஆழம் குறைவு, வேகம் குறைவு, குஞ்சுக்குத் தீனி நிறைய, பெரிய மீன் அங்கே வராது. பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள், அவர்கள் அப்பாக்கள் சின்ன வயதில் மடையில் மீன் பிடிக்கக் கூடு வைத்தவர்கள்தானே. அப்புறம் நீங்கள், "இதே வேலையைக் கடல்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டர் ஏறி வந்து செய்யற மீன் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக் கோலப்பொடி டப்பாவைத் திறக்கலாம்.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடுங்கள். இணையத்தில் சால்மனுக்குத் தமிழில் காலா மீன் என்று போட்டிருப்பார்கள். காலா நம் கடல் மீன், ஆங்கிலத்தில் 'இந்தியன் சால்மன்' என்று பேர் வாங்கிக்கொண்டது அவ்வளவுதான், சால்மனுக்குச் சொந்தக்காரனே கிடையாது. இன்னொன்று, ஏத்துமீன் கடலுக்குப் போவதில்லை, முட்டையிட்டதும் சாவதும் இல்லை. பயணத்தின் காரணம்தான் ஒன்று, பயணம் வேறு.

சாமான்கள்

கோலப்பொடி ஒரு கிலோ. காய்ந்த பட்டாணி, அதுதான் முட்டை, சாக்கை என்கிற சிவப்புச் சால்மனின் முட்டையும் கிட்டத்தட்ட சின்னப் பட்டாணி அளவுதான் இருக்கும். ஒரு பெண் மீன் இனத்தைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து ஐயாயிரம், அதற்கு மேலும் முட்டையிடும், நாம் மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரத்தை யாரும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், நூறு எண்ணி மளிகைக்கடைத் தராசில் நிறுத்து முப்பதால் பெருக்கினால் எடை வந்துவிடும், பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆச்சு.

முட்டை ஆரஞ்சு நிறத்தில் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று எங்கள் அமுச்சி ஒரு வழி சொன்னார்: ஆரத்திக்குக் கரைப்பது போல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் பட்டாணியை ஒரு புரட்டுப் புரட்டி நிழலில் காயவைத்தால் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். இதைப் பெரியவர்கள் செய்யுங்கள், சுண்ணாம்புக் கை கண்ணில் பட்டால் ஆபத்து. அந்தப் பட்டாணியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இவை தவிர ஒரு கூடை ஜல்லி, வெட்டிய தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு உருளைக்கிழங்கு, உப்பு, ஐந்து டம்ளர், கண் கட்டத் துணி, நாலைந்து செங்கல், ஒரு பெஞ்சு. கோழி இருக்கும் வீடாக இருந்தால் முதலில் கூண்டை மூடுங்கள். நான் மூடவில்லை. ஆறு வரைந்து முட்டையைக் கொட்டிவிட்டுச் சாமான் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் பக்கத்து வீட்டுக் கோழி ரெண்டு குஞ்சோடு வந்து கால்வாசியைக் கொத்திவிட்டது. சரி, ஆற்றிலும் இப்படித்தான் நடக்கும் என்று சமாளித்தேன். உண்மையில் அதைவிட நல்ல பாடம் அன்று வேறெதுவும் அமையவில்லை.

ஆறு வரையும் முறை

கிணற்றடியோ துளசி மாடமோ, வாசலில் எது உயரமாக இருக்கிறதோ அதுதான் மலை. தெருவாசல் கடல். நடுவே வளைந்து வளைந்து ஓர் ஆறு, குறைந்தது முப்பதடி நீளம், வழியில் ஐந்து கிளைகள் வந்து சேர வேண்டும். கிளைகள் ரொம்ப முக்கியம், திரும்பி வரும்போது எந்தக் கிளை என்று மீனுக்குத் தெரிய வேண்டுமே, விளையாட்டின் உயிரே அங்கேதான். ஒரு கிளையின் தலையில் ஒரு ஏரி போடுங்கள், சாக்கை குஞ்சுகள் பெரும்பாலும் ஏரியில்தான் ஓரிரண்டு ஆண்டு வளரும்.

நீளத்தைப் பிள்ளைகள் உணர வேண்டுமென்றால் கையிலிருக்கும் ஆற்றோடு ஒப்பிடுங்கள். பாரதப்புழை மலையிலிருந்து பொன்னானி வரை 209 கிலோமீட்டர். கனடாவில் ஃபிரேசர் ஆற்று முகத்திலிருந்து ஆடம்ஸ் ஆற்றுக்கு ஏறும் சாக்கை அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் நீந்துகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஒன்று இருக்கிறது, கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர், உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி ஹைதராபாத் தாண்டுகிற தூரம், நம் கொடைக்கானலை நெருங்குகிற உயரம், அதுவும் முழுக்க எதிர்நீச்சல். நடுவில் எட்டு அணைகள். 1992 இல் அந்த ஏரிக்கு ஒரே ஒரு ஆண் மீன் மட்டும் வந்து சேர்ந்தது. அதற்கு 'தனிமை லாரி' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மொத்தக் கதையிலும் நினைவில் நிற்பது லாரிதான். பெயரைக் கேட்டதும் தேங்காய் லாரியா என்று கேட்பார்கள், சிரித்து முடித்ததும் தொடருங்கள்.

ஜல்லிக்குள் ஒரு குளிர்காலம்

பெண் மீன் ஆற்றின் அடியில் ஜல்லி கிடக்கும் இடம் பார்த்து, பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துக் குழி தோண்டும். முட்டையிட்டதும் ஆண் மீன் விந்து விடும், பெண் இன்னும் கொஞ்சம் மேலே தோண்டினால் அந்தக் கல் சரிந்து முட்டையை மூடிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் இது நடக்கும். குளிர் முழுக்க முட்டை ஜல்லிக்குள் கிடந்து, முதலில் ஓட்டுக்குள் கண் மட்டும் ரெண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும், அப்புறம் பொரியும்.

இங்கே ஜல்லி ஏன், மணல் ஏன் கூடாது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வாயால் பதில் சொல்லாதீர்கள். அடி வெட்டிய பாட்டில் இரண்டையும் தலைகீழாகப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்டு, இரண்டிலும் ஜல்லி நிரப்புங்கள். ஒன்றில் தெளிந்த தண்ணீர் ஊற்றுங்கள், சடசடவென்று ஓடிவிடும். மற்றதில் செம்மண் குழம்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிவிட்டு, அதற்கு மேல் தெளிந்த தண்ணீர் விடுங்கள், சொட்டுச் சொட்டாக இறங்கும், கொஞ்ச நேரத்தில் நின்றேவிடும். முட்டைக்கு மூக்கு இல்லை, சுற்றி ஓடும் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன்தான் மூச்சு. மேலே காட்டை வெட்டினால் மண் கரைந்து வந்து இந்த இடுக்குகளை அடைக்கும், முட்டை மூச்சு முட்டிச் சாகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மணல் லாரி தெரியும், அதனால் இதை ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. வயிற்றில் ஒரு மஞ்சள் கருப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜல்லிக்குள்ளேயே வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும். கட்டுச்சோற்றுப் பொட்டலம் என்று நான் சொல்வேன். பொட்டலம் தீர்ந்ததும் வசந்த காலத்தில் வெளியே வந்து தானே தின்னத் தொடங்கும். கொஞ்சம் வளர்ந்தால் பக்கங்களில் விரல் ரேகை மாதிரி கறுப்புப் பட்டைகள் விழும், ஓடையின் நிழலில் ஒளிய அதுதான் சட்டை. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் மட்டும் குஞ்சு வளரும் படிகளின் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யட்டும்: அலவின், ஃப்ரை, பார், ஸ்மோல்ட். மற்றவர்களுக்கு வேண்டியதில்லை.

இப்போது பட்டாணியைக் குறையுங்கள். மூவாயிரத்தையும் ஏரியருகே கொட்டிவிட்டு, வெள்ளம் வந்தது என்று ஒரு பிள்ளை ரெண்டு கை அள்ளட்டும், மண் மூடியது என்று இன்னொருவர், பெரிய மீன் தின்றது என்று இன்னொருவர். ஆறு முடியும் இடத்தில் ஒரு கைப்பிடி மிஞ்ச வேண்டும், கடலிலிருந்து திரும்பும்போது கணக்கு ரெண்டில் நிற்க வேண்டும். இடையில் எங்கே எத்தனை சாகும் என்பது ஆற்றுக்கு ஆறு, வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆனால் கடைசி எண் ஏன் ரெண்டு என்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்: ஒரு ஜோடியின் இடத்தில் ஒரு ஜோடி வந்தால் கூட்டம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

உடம்பை மாற்றிக்கொண்டு கடலுக்கு

இந்தக் கட்டத்தை அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். எனக்கு மொத்தக் கதையிலும் ஆச்சரியமே இதுதான், புத்தகத்தில் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள்.

உருளைக்கிழங்கை விரல் அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை நல்ல தண்ணீரிலும் ஒன்றை நாலு ஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீரிலும் காலையிலேயே போட்டு வையுங்கள். ரெண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீர்த் துண்டு விறைப்பாக இருக்கும், உப்புத் தண்ணீர்த் துண்டு வாடித் துவண்டுவிடும். கிழங்குக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. மீனின் உடம்புக்கும் இதே நெருக்கடிதான். ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் தானாக உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், அதனால் மீன் தண்ணீரே குடிக்காமல், நீர்த்த மூத்திரமாக நிறைய வெளியேற்றிக்கொண்டு, செவுளால் உப்பைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். கடலுக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: கடல் தண்ணீரைக் குடிக்க வேண்டும், செவுளால் உப்பை வெளியே தள்ள வேண்டும், மூத்திரத்தைச் சுருக்க வேண்டும்.

பெரும்பாலான மீன்களால் இது முடியாது. சால்மன் குஞ்சு, கடலைப் பார்ப்பதற்கு முன்பே, ஆற்றில் இருக்கும்போதே உடம்பைத் தயார்செய்கிறது. பகல் நீள நீளச் சுரப்பிகள் வேலை செய்து, பட்டைகள் மறைந்து உடம்பு வெள்ளியாக மின்னும், செவுளில் உப்பைத் தள்ளும் செல்கள் பெருகும். துபாய்க்குப் போகிற பையன் ஊரிலேயே டிரைவிங்கும் அரபியும் படித்துக்கொள்வது போல என்று சொன்னேன், அந்தத் தெருவில் ரெண்டு வீட்டில் அப்பா துபாயில், சட்டென்று புரிந்துவிட்டது.

கடல்நோக்கிப் போகும்போது பல நேரம் தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து வால் முன்னாக மிதந்து இறங்கும். பிள்ளைகளைப் பின்பக்கமாக நடந்து வரச் சொல்லுங்கள். நாலு பேர் மோதி விழுவார்கள், பரவாயில்லை.

தெருவாசலைத் தாண்டியதும் கடல். இங்கே காலத்தை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்: பிங்க் சால்மனுக்கு முழு வாழ்வே இரண்டு ஆண்டு, கோஹோவுக்குப் பெரும்பாலும் மூன்று, சாக்கைக்கு நாலைந்து, சினூக் ஏழு ஆண்டு வரை போகும். பிங்க்கில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா மீனும் கண்டிப்பாக இரண்டு ஆண்டில் திரும்புவதால், ஒரே ஆற்றில் ஒற்றைப்படை ஆண்டு மீனும் இரட்டைப்படை ஆண்டு மீனும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை, காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் மாதிரி.

வீட்டுக்கு வழி

துளசி, வெற்றிலை, கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, வசம்பு, இந்த ஐந்தையும் கசக்கித் தனித்தனி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். காலையில் முட்டை இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு டம்ளரை முகரக் கொடுத்து, "இதுதான் உன் ஓடை, மறக்காதே" என்று சொல்லியிருக்க வேண்டும். இதை முதலிலேயே செய்ய மறந்துவிடாதீர்கள், நான் ஒரு தடவை மறந்து மொத்த விளையாட்டும் சொதப்பியது. இப்போது அந்த டம்ளர்களை இடம் மாற்றி ஆற்றின் கிளை ஒவ்வொன்றிலும் வைத்து, பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, கடலிலிருந்து ஒவ்வொருவராக ஏற விடுங்கள். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் முகர்ந்து பார்த்துத் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் கையைப் பிடித்து வந்தால் நல்லது.

இது கற்பனை இல்லை. ஆர்தர் ஹேஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1940களில் யூட்டா மலையில் நடந்து போகும்போது, ஓர் அருவியின் பக்கமிருந்து வந்த பாசியும் பூவும் கலந்த வாசனை சிறுவயது நினைவுகளைச் சட்டென்று கிளப்பிவிட்டது. சால்மனும் இப்படித்தான் வீட்டை நினைவு வைக்கிறதோ என்று அங்கேயே தோன்றியிருக்கிறது. பிறகு அவரும் வாரன் விஸ்பியும் சியாட்டிலுக்கு அருகே இசக்வா ஓடையின் இரண்டு கிளைகளில் கோஹோ மீன்களைப் பிடித்து, பாதிக்கு மூக்கை அடைத்து, கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தத்தம் கிளைக்கே திரும்பின, அடைபட்டவை குழம்பின. 1970களில் இன்னும் ஒரு படி போய், பண்ணைக் குஞ்சுகளுக்கு மார்ஃபோலின் என்ற ரசாயனத்தைத் துளியளவு தண்ணீரில் கலந்து பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டார்கள், வளர்ந்து முட்டையிட வரும் காலத்தில் முன்பின் தெரியாத ஓர் ஓடையில் அதே மார்ஃபோலினைச் சொட்டவிட, மீன்கள் அந்த ஓடைக்குள் ஏறின. நீங்களும் ரெண்டு பிள்ளைகளின் மூக்கைத் துணிக் கிளிப்பால் மூடி விட்டுப் பாருங்கள், ஹேஸ்லர் சோதனை உங்கள் வாசலில் நடந்துவிடும்.

மூக்கு ஆற்று முகத்துக்கு வந்த பிறகுதான் உதவும். நடுக்கடலில்? அங்கே பூமியின் காந்தப் புலம். தன் ஆற்றுமுகத்தின் காந்த அளவைக் குஞ்சாகக் கடலுக்குள் நுழையும்போதே பதிந்துகொள்வதாகத் தெரிகிறது. வான்கூவர் தீவு ஃபிரேசர் ஆற்று முகத்தை மறித்துக் கிடப்பதால் சாக்கை வடக்கு வழியாகவோ தெற்கு வழியாகவோ சுற்றித்தான் வர வேண்டும். காந்தப் புலம் வருஷத்துக்கு வருஷம் மெல்ல நகர்வதற்கு ஏற்ப எந்த வழியில் அதிக மீன் வருகிறது என்பதும் மாறுவதை நேதன் பட்மன் குழு 2013 இல் காட்டியது. போனில் இருக்கும் திசைகாட்டியைத் திறந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள், இதற்கு அது போதும்.

தப்பான டம்ளருக்குப் போன பிள்ளையை 'அவுட்' என்று வெளியே அனுப்பாதீர்கள். உண்மையிலும் கொஞ்சம் மீன்கள் வழி தவறி வேறு ஆற்றுக்குள் போகும், புது ஆறுகளில் சால்மன் குடியேறுவதே அவற்றால்தான்.

ஏற்றம், பட்டினி, அணை

ஏறத் தொடங்கும்போது மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றுக்குள் நுழைந்தவர்களுக்குக் கொடுக்காதீர்கள். சண்டைக்கு வருவார்கள். ஆற்றில் நுழைந்த சால்மன் தின்பதை நிறுத்திவிடும், இரைப்பையே சுருங்கிவிடும், உடம்பில் சேர்த்த கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் மலையேற்றம். சாக்கையின் சதைக்குள் இருந்த சிவப்பு நிறமி தோலுக்கும் முட்டைக்கும் நகர்ந்து, உடம்பு ரத்தச் சிவப்பு, தலை பச்சை என்று ஆகும். ஆணின் தாடை கொக்கி மாதிரி வளையும்.

பாதி வழியில் பெஞ்சைக் குறுக்கே போடுங்கள். 1913-14 இல் ஃபிரேசர் ஆற்றின் 'ஹெல்ஸ் கேட்' என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ரயில்பாதை வேலையின்போது பாறை சரிந்து ஆற்றை நெருக்கியது, தண்ணீர் வேகம் தாங்காமல் லட்சக்கணக்கான மீன்கள் கீழேயே தேங்கி முட்டையிடாமல் செத்தன. மீன் ஏறும் வழி கட்டியது 1940களின் நடுவில்தான். செங்கல்லைப் படிக்கட்டு மாதிரி அடுக்கிப் பெஞ்சின் ஓரமாக ஒரு வழி செய்து கொடுங்கள், மீன் ஏணி என்பது அதுதான், சின்னச் சின்ன தொட்டிகளாகத் தாவித் தாவி ஏறுவது. பிறகு பெஞ்சையே தூக்கிவிடுங்கள். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் நாலு அணைகளை அப்படித்தான் 2024 இல் இடித்து முடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரிலேயே, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எட்டாமல் கிடந்த மேல் ஆற்றுக்கு சினூக் ஏறி வந்துவிட்டது.

நம் பக்கத்துக் கதையையும் சேருங்கள். கோதாவரிக்காரர்கள் புலசா என்று கொண்டாடும் மீன் நம் உல்லம்தான், அதுவும் கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் மீன். கங்கையில் அதே மீன் ஒரு காலத்தில் அலகாபாத் தாண்டி ஏறியது, 1975 இல் ஃபரக்கா தடுப்பணை வந்த பிறகு அந்த ஏற்றம் நின்றுபோனது. எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப்புழையில் இருக்கும் தடுப்பணைகளைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். தண்ணீர்ப் பங்கீடு பற்றி வீட்டில் தினமும் கேட்கிறார்கள் அவர்கள்.

மேலே வந்து சேர்ந்த ரெண்டு பேரும் ஜல்லியில் பட்டாணி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். பசிபிக் சால்மனுக்கு ஏறத்தாழ எல்லாம் அதோடு முடிந்தது. அட்லாண்டிக் சால்மனில் கொஞ்சம் பிழைத்துத் திரும்பக் கடலுக்குப் போகும். செத்த மீனைக் கரடியும் கழுகும் இழுத்துக் காட்டுக்குள் போடும், மிச்சம் மட்கி உரமாகும், கடலில் இருந்து வந்த நைட்ரஜனை ஆற்றங்கரை மரங்களின் வளையத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிந்திய பட்டாணியைப் பொறுக்கித் தென்னைமரத்தடியில் போடச் சொல்லிவிட்டு, மிக்சரை இப்போது கொடுங்கள்.

நிஜ மீனைக் காட்டுவது

ஜூலை மாதம் அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் ப்ரூக்ஸ் அருவிக்கு சாக்கை வரும், பழுப்புக் கரடிகள் அருவி உச்சியில் வாயைத் திறந்து நிற்கும், நேரலைக் கேமராவில் இலவசமாகப் பார்க்கலாம். நம் இரவு ஒன்பது மணிக்கு அங்கே காலை ஏழரை, வெளிச்சம் இருக்கும். டியூஷன் முடிந்ததும் போனைச் சுவரில் சாய்த்துப் பத்து நிமிஷம் பார்ப்போம், பத்து ஒருபோதும் பத்தில் முடிந்ததில்லை.

நம் ஏத்துமீனைக் காட்ட வேண்டுமென்றால் இடவப்பாதியின் முதல் ரெண்டு மூன்று பெருமழை. மழை விட்ட இரவு, வயல் மடையில் தண்ணீர் வாய்க்காலுக்கு விழும் இடம், மங்கலான டார்ச், முட்டளவு பூட்ஸ், பாம்பும் அந்த நேரம் அங்கேதான் திரியும். ஆற்றங்கரைக்கும் பாலத்துக்கடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், மேலே அணை திறந்தால் கீழே நேரம் கிடைக்காது. பார்க்க மட்டும்தான் போக வேண்டும். கேரளத்தில் ஊத்த பிடிப்பது சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் வயிறு முழுக்க முட்டையோடு ஏறுகிற மீனைக் கூடை வைத்து அள்ளினால் அடுத்த வருஷம் மடையில் என்ன ஏறும்?

போன ஜூனில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது வாய்க்காலில் ஒரு விலாங்கு வளைந்து போயிற்று. "இதுவும் முட்டை போட மேல வருதா டீச்சரே?" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண். இல்லை, விலாங்கு சால்மனுக்கு நேர் எதிர், பிறப்பு கடலில், வளர்வது ஆற்றில், முட்டையிடப் போவது மறுபடி கடலுக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அடுத்த வாரம் தெருவாசல்ல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள். கோலப்பொடி வாங்கணும், பட்டாணி மிச்சம் இருக்கிறது.